எத்தனை பேரில் மூன்று

வளைகாப்பு முடிந்து எட்டு நாள் ஆகியும் கலைமதி மாமியார் வீட்டிலேயே இருந்தாள்.

முறைப்படி பார்த்தால் வளையல் அடுக்கிய அன்றைக்கே அவள் அம்மா கவிதா அவளைத் திண்டிவனம் பக்கத்து நாவல்பட்டுக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான். அதற்காகத்தான் கவிதா புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் தூக்கில் கட்டிக்கொண்டு, கணவன் மணிமாறனின் பைக்கில் அனந்தபுரம் தாண்டி இருக்கும் ஈச்சங்குட்டை வரைக்கும் வந்தாள். இரண்டாயிரத்து இருபதாம் வருஷத்து ஆனி மாதம் அது. கூட்டம் கூடக்கூடாது என்பதால் ஏழே ஏழு பேர், முகத்தில் துணி கட்டிக்கொண்டு, கலைமதியைச் சுற்றி நின்றார்கள். கடைசி ஜோடி வளையல் ஏறிக்கொண்டிருந்தபோது மாமனார் சீனுவாசனின் செல்போனில் ஊர்வாரிக் கொரோனாப் பட்டியல் வந்தது.

நாவல்பட்டு 31. ஈச்சங்குட்டை 3.

சீனுவாசன் போனைச் சம்பந்தியிடம் நீட்டினார். "முப்பத்தொண்ணு இருக்கிற ஊருக்கு மாசமா இருக்கிற பொண்ண எப்படிங்க அனுப்புறது? நீங்களே சொல்லுங்க" என்றார். மணிமாறன் என்ன சொல்வார்? கவிதா மகளின் கையில் இருந்த வளையல்களை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, காலித் தூக்கோடு பைக்கில் ஏறினாள். பைக் திரும்புகிற வரைக்கும் அழவில்லை. திரும்பிய பிறகு முந்தானை கண்ணுக்குப் போனதைக் கலைமதி பார்த்தாள்.

இன்னும் எட்டு நாளில் ஆடி பிறக்கும். ஆடியில் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். டாக்டர் சொன்ன பிரசவத் தேதி ஆடி இருபது. இந்த எட்டு நாளுக்குள் போனால் போனதுதான். இல்லாவிட்டால் அம்மா பக்கத்தில் இல்லாமல்தான் பிள்ளை பெற வேண்டும்.

அது நிலக்கடலை விதைக்காய் உடைக்கிற சமயம். இரண்டு நல்ல மழை விழுந்து நிலம் ஈரம் பிடித்திருந்தது. விதை மல்லாட்டையை மெஷினில் கொடுத்தால் பருப்பின் சிவப்புத் தோல் கிழிந்துவிடும், முளைக்காது. கையால்தான் உடைக்க வேண்டும். மாமியார் முனியம்மாள் வாசல் பந்தலில் சாக்கை விரித்து, காயின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். காயின் மூக்கைக் கல்லில் ஒரு தட்டு, கட்டைவிரலால் ஒரு அழுத்து. நல்ல பருப்பு முறத்துக்கு, சுருங்கியது சட்னிக்கு, பொக்கு மாட்டுக்கு.

கலைமதி மெதுவாக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ இன்னாத்துக்கு வந்து குந்தற? காலு வீங்கிக்கினு போது. போயி படு."

"படுத்துப் படுத்து முதுவு மரத்துப் போச்சி அத்த. நாலு காய் ஒடச்சா உங்க மல்லாட்ட கொறஞ்சா பூடும்?"

"கொறையும். நீ ஒடைக்கிறதுல பாதி உன் வாய்க்குள்ளதான போது."

கலைமதி சிரித்தாள். வாயில் இருந்ததை அவசரமாக மென்று விழுங்கினாள். மாமியாரும் மருமகளும் இப்படித்தான். கல்யாணமான ஒரு வருஷத்தில் இரண்டே சண்டைதான் வந்திருக்கிறது. ஒன்று கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காய் போடலாமா கூடாதா என்று. இன்னொன்று இப்போது நடந்துகொண்டிருப்பது. அது சத்தமே இல்லாத சண்டை என்பதால் இரண்டு பேருக்கும் அதிகமாக வலித்தது.

சீனுவாசன் காலிப் பால் கேனோடு வந்தார். ஊர்ப் பால் சொசைட்டிக்கு அவர்தான் செயலாளர். யார் பாலில் எவ்வளவு கொழுப்பு என்று எழுதுகிற கரும்பலகையின் ஓரத்தில் இரண்டு மாதமாகத் தொற்றுக் கணக்கும் எழுதிவருகிறார். சுற்றுவட்டாரத்தில் ஈச்சங்குட்டைதான் கடைசி. மூன்றே மூன்று. அந்த மூன்றை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுதுவார்.

"இன்னிக்கும் நாவல்பட்டு அதே முப்பத்தொண்ணுதாம்மா. எறங்கவே மாட்டேங்குது" என்றார்.

"அது எப்படிங்க மாமா எறங்கும்? இது வரிக்கும் வந்தவங்க அல்லாருமே அதுல இருப்பாங்க. சரியாயி வூட்டுக்கு வந்தவங்கள கழிக்கவே மாட்டாங்க. எங்க ஊர்ல இருவத்தாறு பேரு வந்துட்டாங்களாம். அப்பா சொன்னாரு."

"வந்தா நல்லதுதான். ஆனா முப்பத்தொண்ணு முப்பத்தொண்ணுதானம்மா? நம்ம ஊரு மூணு."

"அந்த மூணு பேரும்கூடத்தான் வூட்டுக்கு வந்துட்டாங்க."

"பாத்தியா! அப்ப நம்ம ஊர்ல ஒண்ணுமே இல்ல!" சீனுவாசன் சந்தோஷமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

முனியம்மாள் கல்லில் காயைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்தாளு சொல்றதுல தப்பு இன்னாடி இருக்கு? உன் வயித்துல இருக்கிறது எங்க வூட்டுப் புள்ள. நாளைக்கி ஒண்ணு ஆச்சின்னா உங்கம்மாவ நான் கேக்க முடியுமா, இல்ல என்னதான் நான் மன்னிப்பனா?"

கலைமதி முறத்தில் இருந்த பருப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசை வைத்தாள்.

சாயங்காலம் ஆனந்தராஜ் வந்தான். விழுப்புரம் மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கிற குட்டியானை வண்டி அவனுடையது. வந்ததும் கிணற்றடியில் சோப்புப் போட்டுக் குளித்து, வேறு லுங்கி கட்டின பிறகுதான் வீட்டுக்குள் காலை வைப்பான். அது கலைமதி போட்ட சட்டம். அன்றைக்கு வாழை இலையில் சுற்றிய பலாச்சுளையைக் கொண்டுவந்திருந்தான்.

"பண்ருட்டிப் பழம். ஆறு சுள. எங்கம்மாவுக்குத் தெரியாம துன்னு. சூடுன்னு கத்துவாங்க."

அவள் ஒரு சுளையைப் பிட்டு அவன் வாயில் வைத்துவிட்டுக் கேட்டாள். "ஏங்க, உங்க ஊர்ல எத்தன பேருக்கு டெஸ்ட் எடுத்தாங்க?"

"அதான் மூணு பேருக்கு இருந்துச்சே."

"இருந்தவங்கள கேக்கல. எடுத்தவங்கள கேக்கறேன். எங்க ஊர்ல ஸ்கூல்ல வெச்சி மூணு நாளு எடுத்தாங்க. அறநூத்தி இருவது பேரு. அப்பா, அம்மா, பக்கத்து வூடு, எதுத்த வூடு, அல்லாரும் குடுத்தாங்க. அறநூத்தி இருவதுல முப்பத்தொண்ணு. உங்க ஊர்ல?"

ஆனந்தராஜ் சுளைக்குள் இருந்த கொட்டையைத் துப்பிவிட்டு யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு வந்தது.

"டெஸ்ட் எடுக்கிற வண்டி வந்த அன்னிக்கி நான் எங்க இருந்தேன்?" என்றான்.

"சவுக்குத் தோப்புல."

"எங்கப்பா?"

"அவரும்தான். ஊரே சவுக்குத் தோப்புலதான் இருந்திச்சி. மத்தியானம் கூழு எடுத்தாந்து குடுத்ததே நான்தான. பத்தாததுக்கு எதுத்த வூட்டு சின்னதுர மாமா மோர் மொளகா வேற கேட்டாரு."

ஆனந்தராஜுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஊர் ஓடியதில் ஒன்றும் ரகசியமில்லை. தொற்று இருக்கிறது என்று வந்துவிட்டால் ஆளை விழுப்புரத்துக் கல்லூரி முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், தெருவைத் தகரம் அடித்து அடைத்துவிடுவார்கள். உழவு நேரத்தில் பதினாலு நாள் யார் உள்ளே இருப்பது? அதனால் ஓடினார்கள். ஆனால் ஓடியதற்கும் கரும்பலகையில் இருக்கிற மூன்றுக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒருவரும் நினைக்கவில்லை.

"அப்ப எத்தன பேருக்குத்தான் எடுத்தாங்க?" என்றான் இப்போது அவனே.

"அதத்தான நானும் கேக்கறேன்."

மறுநாள் காலையில் நர்ஸம்மா ஜெசிந்தா ஸ்கூட்டியில் வந்தாள். சுற்றுப்பட்டு நாலு ஊருக்கும் அவள்தான் கிராம நர்ஸ். நாலு மாதமாக ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுக்காதவள். கலைமதியின் எடையைப் பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டாள். "ஜோரா இருக்குது. ஓடுற வண்டி மாதிரி சத்தம்" என்றாள். முனியம்மாள் சில்வர் டம்ளரில் மோர் கொடுத்தாள். சீனுவாசனும் பந்தலில்தான் இருந்தார்.

ஆனந்தராஜ்தான் கேட்டான். "நர்ஸம்மா, போன மாசம் வண்டி வந்துச்சே, நம்ம ஊர்ல எத்தன பேருக்கு எடுத்தீங்க?"

ஜெசிந்தா நோட்டைப் புரட்டவே இல்லை. "நாலு."

"நானூறா?"

"நாலுப்பா. ஒண்ணு ரெண்டு மூணு நாலு. ஊரு மொத்தம் ஆயிரத்தி அறநூறு பேரு. நாங்க காலைலேர்ந்து சாயந்தரம் வரிக்கும் மரத்தடியில உக்காந்துகினு இருந்தோம். ஜொரத்துல ஓட முடியாம படுத்துக்கினு இருந்த நாலு பேருதான் மாட்டுனாங்க. அதுல மூணு பேருக்கு இருந்திச்சி."

கலைமதி மாமனாரைப் பார்க்காமல் கோழியைப் பார்த்தாள். சீனுவாசன் துண்டை ஒரு தோளில் இருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

ஆனந்தராஜின் மனக்கணக்கு வேறு பக்கம் ஓடியது. அவன் எழுந்தே விட்டான். "நாலுல மூணா? அப்ப நூத்துக்கு எழுவத்தஞ்சி! ஆயிரத்தி அறநூறு பேருன்னா ஆயிரத்தி எரநூறு பேருக்கு இருக்குது! எப்பா, நாம இன்னாப்பா நெனச்சிக்கினு இருக்கிறோம்? கலை, பையி எடு. ஜல்தி. இப்பவே கெளம்பறோம்."

"டேய், குந்துடா" என்றாள் முனியம்மாள்.

"இன்னா குந்தறது? ஊர்ல முக்காவாசிப் பேருக்கு இருக்குதும்மா!"

"குந்துன்றன்ல?"

அவன் உட்கார்ந்தான். முனியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினாள். "நர்ஸம்மா, எனக்குப் படிப்பு கெடையாது. மல்லாட்ட தெரியும். தப்புன்னா சொல்லு. நாங்க ஒரு வருசம் மல்லாட்ட விக்க மார்க்கெட் கமிட்டிக்கி முப்பது மூட்ட எடுத்துக்கினு போனோம். வழியில மழ. தார்ப்பாய் பத்தாம ஓரத்து மூட்ட ஒண்ணு நனஞ்சிப் போச்சி. வந்த வியாபாரி நேரா அந்த ஓரத்து மூட்டையில கைய வுட்டான். ஒரு கை காய் எடுத்து ஒடச்சான். பாதி கருப்பு. முப்பது மூட்டைக்கும் அதே வெல போட்டான். இவரு இன்னா பண்ணாரு தெரியுமா?"

"அத எதுக்கு இப்ப சொல்ற?" என்றார் சீனுவாசன்.

"தலைய ஆட்டிக்கினு நின்னாரு. நான்தான் முப்பது மூட்ட வாயையும் அறுத்துவுட்டேன். 'எம்மாந் தூரம் கை போவுமோ அம்மாந் தூரம் வுடு, ஒவ்வொரு மூட்டைலயும் அடியில இருந்து எடு, அப்பறம் வெல சொல்லு'ன்னேன். கத்துனான். ஆனா எடுத்தான்." அவள் மகனைப் பார்த்தாள். "நனஞ்ச மூட்டையில கைய வுட்டுட்டு அல்லாம் கருப்புன்றது நீ. ஒரே ஒரு மூட்டையப் பாத்துட்டு மூணு காய்தான் சொத்தைன்றது உங்கப்பா. மிச்சம் இருவத்தொம்போது மூட்டைக்குள்ள இன்னா இருக்குதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. எனுக்கும் தெரியாது."

ஜெசிந்தா மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். "அக்கா, இதத்தான் எங்களுக்கு ரெண்டு நாளு மீட்டிங் போட்டுச் சொன்னாங்க. நீ மோர் ஆத்தறதுக்குள்ள சொல்லிட்ட."

"அப்ப இன்னா பண்றது?"

"அடி மூட்ட வரிக்கும் கைய வுடணும். ஊர்ல கேம்ப் போடணும். ஆனா போன தடவ மாதிரி ஓடுனா நான் வர மாட்டேன். வெயில்ல அந்த டிரஸ்ஸப் போட்டுக்கினு குந்திப் பாரு, தெரியும்."

எல்லாரும் சீனுவாசனைப் பார்த்தார்கள். அவர் நிலத்தின் பக்கம் பார்த்தார். "ஈரம் இருக்குது. ரெண்டு நாளுல வெத போட்டாவணும். யாருக்காச்சும் வந்து தகரம் அடிச்சிட்டா இந்த வருசம் பூட்ச்சி."

"ரெண்டு நாளுல போடு. மூணாம் நாளு கேம்ப்பு" என்றாள் முனியம்மாள். "இன்னும் ஏழு நாளுதான் இருக்குது ஆடிக்கி. இவ இங்க இருக்கறதா அங்க போறதான்னு நான் தெரிஞ்சிக்கணும். தெரியாமலே பொண்ண வெச்சிக்கினும் இருக்க மாட்டேன், தெரியாமலே அனுப்பவும் மாட்டேன்."

"ஊரு ஓடுமே முனியம்மா."

"காலைல பால் ஊத்த வருவாங்க இல்ல? எங்க ஓடுவாங்க? கறந்த பால வெச்சிக்கினு எவனும் சவுக்குத் தோப்புக்கு ஓட மாட்டான். சொசைட்டி வாசல்ல நர்ஸம்மா குந்தட்டும். மூக்குல குடுத்துட்டுப் பால ஊத்து. முடிஞ்சிது."

சீனுவாசனுக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. அதைக் கொஞ்ச நேரத்தில் தன்னுடைய யோசனையாகவே பேச ஆரம்பித்துவிட்டார். ஜெசிந்தா ஸ்கூட்டியில் ஏறப்போகும்போது முனியம்மாள் மறுபடி கூப்பிட்டாள். "நர்ஸம்மா, மாடு இல்லாத வூடுங்க இருக்குதே. கீழத்தெருவுல பாதிப்பேரு பால் ஊத்தறதில்ல. அவங்கள வுட்டுட்டா மறுபடியும் மேல் மூட்டையிலதான கைய வுட்ட மாதிரி?"

ஜெசிந்தாவின் அம்மா வீடும் ஒரு கீழத்தெருவில்தான். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏரி வேலைல பாதிப்பேர புடிச்சிடறேன் அக்கா. நூறுநாள் அட்டண்டன்ஸ் முடியறதுக்கு முன்னாடி போயி நிப்பேன். நீ அதுக்குக் கவலப்படாத."

இரண்டு நாளும் ஊர் நிலத்தில்தான் கிடந்தது. ஆனந்தராஜ் ஏர் பிடித்தான். முனியம்மாள் பின்னாலேயே மடியில் விதையோடு நடந்து, சாலில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு பருப்பாகப் போட்டுக்கொண்டே போனாள். கலைமதி வரப்பில் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து கேப்பைக்கூழில் மோரையும் சின்ன வெங்காயத்தையும் போட்டுக் கலக்கிவைத்தாள். வேலைக்கு நடுவில் வந்து குடித்துவிட்டுப் போகும்போது ஆனந்தராஜ் யாரும் பார்க்காதபோது அவள் வயிற்றில் ஈர விரலை வைத்துவிட்டு ஓடுவான். சேற்றுத் தடம் சேலையில் பதியும். அவள் திட்டுவாள். துடைக்க மாட்டாள்.

மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்கு ஜெசிந்தாவும் இன்னும் மூன்று பேரும் சொசைட்டி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். முதலில் வந்து நின்றவர் சீனுவாசன். மூக்கில் குச்சி போனதும் கண்ணில் நீர் தளும்பியது. "ஒண்ணுமே இல்லய்யா, பொடி போட்டாப்பல இருக்குது" என்று வரிசையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நாலு தும்மல் தும்மினார். அடுத்து முனியம்மாள். பிறகு ஆனந்தராஜ். பிறகு கலைமதி.

"இன்னா மச்சான், எங்களக் காட்டிக் குடுத்துட்டியா?" என்று கத்தினார் சின்னதுரை. சீனுவாசனின் பங்காளி வீட்டு மாப்பிள்ளை, எதிர்த்த வீடு. "பால் ஊத்த வந்தவன் மூக்குல குச்சி வுடறது இன்னா நியாயம்? என் பால வேற ஊருக்கு எடுத்துக்கினு போறேன்."

"போ. கொழுப்பு கம்மின்னு அங்க திருப்பி அனுப்புவான்" என்றார் சீனுவாசன்.

வரிசை முழுக்கச் சிரித்தது. சின்னதுரை திட்டிக்கொண்டே மூக்கைக் கொடுத்தார். மத்தியானம் ஜெசிந்தா ஏரி வேலை நடக்கிற இடத்துக்குப் போனாள். பொழுது சாய்கிறபோது கணக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு.

முடிவு வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் முனியம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே இருந்தாள். மருமகளின் பிரசவப் பையைத் திறந்து பழைய நூல்புடவைத் துண்டுகளை எடுத்து மறுபடி துவைத்துப் போட்டாள். கலைமதி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையை அத்தை தன்னை அனுப்புவதற்காகக் கட்டுகிறாளா, இங்கேயே வைத்துக்கொள்வதற்காகக் கட்டுகிறாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை ஜெசிந்தாவின் போன் வந்தது. ஒன்பது பேருக்கு இருந்தது. சீனுவாசன் வீட்டில் யாருக்கும் இல்லை. ஒன்பது பேரில் ஏழு பேருக்குக் காய்ச்சல்கூட இல்லை. அந்த ஏழு பேரில் ஒருவர் சின்னதுரை.

"நான் நல்லாத்தானய்யா இருக்கிறேன்! நேத்து ரெண்டு தட்டு கறிசோறு துன்னேன்!" என்று ஆம்புலன்சில் ஏறுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏறின பிறகு தலையை வெளியே நீட்டினார். குரல் இறங்கியிருந்தது. "மச்சான், என் நெலம் இன்னும் வெத போடல."

"போட்டுடறேன் போ."

இந்தத் தடவை தெருவை விட்டுவிட்டு அவர் வீட்டுக்கு மட்டும் தகரம் அடித்தார்கள். அன்றைக்கே முனியம்மாளும் கீழத்தெருவில் இருந்து நாலு பெண்களும் சேர்ந்து அவர் நிலத்தில் விதை போட்டு முடித்தார்கள். மறுநாள் விழுப்புரத்தில் இருந்து சின்னதுரை போன் செய்தார். "மூணு வேள சோறு, அவிச்ச முட்ட, கபசுரக் குடிநீர். படுத்துக்கினே இருக்கிறேன் மச்சான், கல்யாணத்துக்கு அப்பறம் இப்படிப் படுத்ததே இல்ல."

சீனுவாசன் கரும்பலகை முன்னால் நின்றார். மூன்றை அழித்தார். பன்னிரண்டு என்று எழுதினார். கை நின்றது. நாலு பேர் பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள். ஊர்ப் பேரை அவரே கெடுத்துவிட்டார் என்று. அவர் புதிதாக ஒரு கட்டம் போட்டு, 'எடுத்தது 200, வந்தது 12' என்று எழுதினார். நாவல்பட்டுக்கு நேராக, 'எடுத்தது 620, வந்தது 31' என்று எழுதினார். பால் கொழுப்புக் கணக்குப் போடுகிற கை அது. அடுத்த வரி தானாக வந்தது. நூற்றுக்கு ஆறு. நூற்றுக்கு ஐந்து.

வீட்டுக்கு வந்து முனியம்மாளிடம், "அந்த ஊரும் இந்த ஊரும் ஒண்ணுதான்" என்றார். "அங்கயாச்சும் அல்லாருக்கும் பாத்துட்டாங்க, முக்காவாசிப்பேரு திரும்பியும் வந்துட்டாங்க. இங்க இப்பத்தான் ஆரம்பமே."

முனியம்மாள் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "கலை! உங்கம்மாவுக்குப் போன் போடு. நாளைக்கி நல்ல நாளு. ஆடிக்கி முன்னாடி நாளு."

கலைமதி வாசற்படியில் வந்து நின்றாள். சந்தோஷத்தில் சிரிக்கவேண்டிய முகம் கோணிக்கொண்டு போனது. முனியம்மாள் அதட்டினாள். "இன்னாடி அழுவற? இங்க இன்னா உனுக்குச் சோறு போடாமயா வெச்சிருந்தோம்?"

ஜெசிந்தா போனிலேயே கட்டளை போட்டாள். "இல்லன்னு வந்தது எடுத்த அன்னிக்கி இல்லன்னுதான் அர்த்தம். அங்க போயும் ஒரு வாரம் தனி ரூம்ல இருக்கணும். அம்மாவக் கட்டிப் புடிக்கிறதெல்லாம் அப்பறம்."

மறுநாள் விடிந்ததும் குட்டியானையின் முன்சீட்டில் தலையணை போட்டுக் கலைமதியை உட்கார வைத்தார்கள். பின்னால் திறந்த பகுதியில் சாக்கு விரித்து, ஒரு மூட்டை மல்லாட்டை, பிரசவப் பை, முருங்கைக்கீரைக் கட்டு ஆகியவற்றுக்கு நடுவில் முனியம்மாள் உட்கார்ந்தாள். நான் வந்து ஒப்படைத்தால்தான் ஆயிற்று என்று பிடிவாதம். ரோடு காலியாகக் கிடந்தது. ஆனந்தராஜ் இருபதில் ஓட்டினான். பள்ளம் வந்தால் பத்து. திண்டிவனம் சேர இரண்டரை மணி நேரம் ஆனது.

நாவல்பட்டு எல்லையில் குறுக்கே ஒரு மூங்கில். பக்கத்தில் பனையோலைக் கொட்டாயில் மூன்று பையன்கள். அவர்களில் ஒருவன் ராஜ்குமார். கலைமதியின் பெரியப்பா மகன். கொஞ்சம் தள்ளி அப்பா மணிமாறனும் அம்மா கவிதாவும் நின்றுகொண்டிருந்தார்கள். கவிதாவின் முகத்தைப் பார்த்ததுமே கலைமதிக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ சரியில்லை.

"கலை, கோச்சிக்காத" என்றான் ராஜ்குமார். "ஊரு கூடிப் பேசிட்டாங்க. ஈச்சங்குட்டைல பன்னெண்டாமே. போன வாரம் வரிக்கும் மூணு. ஒரே வாரத்துல நாலு மடங்கு ஏறியிருக்குது. அங்கேர்ந்து யாரும் உள்ள வரக் கூடாதுன்னு கட்டுப்பாடு."

"டேய் அண்ணா, நான் இந்த ஊருடா!"

"தெரியும் கலை. நான் ஒருத்தன் இன்னா பண்றது?"

ஆனந்தராஜ் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். அதற்குள் பின்னால் இருந்து முனியம்மாள் குதித்துவிட்டாள். புடவையில் ஒட்டியிருந்த சாக்கு நாரைத் தட்டிவிட்டு, முகத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, மூங்கிலுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"தம்பி, நீ இன்னா படிச்சிருக்க?"

"டிப்ளமா."

"நல்லது. போன வாரம் வரிக்கும் எங்க ஊர்ல எத்தன பேருக்கு எடுத்திருந்தாங்க தெரியுமா? நாலு பேருக்கு. இந்த வாரம் எரநூறு. ரெண்டு காய ஒடச்சிப் பாத்ததுக்கும் ரெண்டு மூட்டைய ஒடச்சிப் பாத்ததுக்கும் ஒரே கணக்கா? நோவு ஏறலப்பா. நாங்க இப்பத்தான் கண்ணத் தொறந்து பாத்தோம். எரநூறுல பன்னெண்டு. உங்க ஊரு அறநூத்தி இருவதுல முப்பத்தொண்ணு. போட்டுப் பாரு."

ராஜ்குமாரின் பக்கத்தில் நின்ற பையன் செல்போனில் போட்டுப் பார்த்தான். "அஞ்சும் ஆறும் வருதுண்ணா" என்றான் மெதுவாக.

"எம் மருமவளுக்கு எடுத்து இல்லன்னு வந்திருக்குது. சீட்டு இருக்குது. அப்படியும் ஒரு வாரம் தனி ரூம்ல இருக்கப்போறா." முனியம்மாள் மணிமாறன், கவிதா இருக்கிற பக்கம் திரும்பினாள். குரல் மாறியது. "சம்பந்திங்க கேக்கட்டும்னுதான் சொல்றேன். உங்க ஊரு முப்பத்தொண்ணுன்னு நாங்கதான் இவள பதினஞ்சி நாளு புடிச்சி வெச்சிக்கினோம். எத்தன பேர்ல முப்பத்தொண்ணுன்னு ஒரு வார்த்த கேக்கல. தாயி காலித் தூக்க எடுத்துக்கினு போனா. அத நான் பாத்துக்கினுதான் நின்னேன். நான் பண்ண தப்பு அது. அதையே நீ இன்னிக்கித் திருப்பிப் பண்ணாத தம்பி."

கவிதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

முனியம்மாள் மூங்கிலின் மேல் கையை வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த அறநூத்தி இருவதுல நீ உண்டா?"

ராஜ்குமார் காதைச் சொரிந்தான். எட்டி நின்ற மணிமாறனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவன் அந்த மூணு நாளும் ஏரிக்கரைல மீன் புடிச்சிக்கினு இருந்தான் சம்பந்தி. நான்தான் சோறு எடுத்துக்கினு போனேன்."

"சித்தப்பா!" என்றான் ராஜ்குமார். பக்கத்துப் பையன்கள் ஓலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன், "அண்ணே, நாம மூணு பேருமே அங்கதானண்ணே இருந்தோம்" என்றான்.

மூங்கில் மெல்ல மேலே போனது.

கலைமதி இறங்கினாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து அம்மாவுக்கு ஆறடி தூரத்தில் போய் நின்றாள். இரண்டு பேரும் தொடாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஆனந்தராஜ் மூட்டையையும் பையையும் மூங்கிலுக்கு அந்தப் பக்கம் இறக்கிவைத்தான். அவளிடம் ஏதோ சொல்லவேண்டும் போல இருந்தது. இத்தனை பேர் நடுவில் என்ன சொல்வது? "வீடியோ கால் போடு, தெனமும்" என்றான். "தெனமும் ரெண்டு தடவ" என்றாள் அவள்.

திரும்பும்போது முனியம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். தலையணை இன்னும் சூடாக இருந்தது. அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வண்டி ரிவர்ஸில் போகிறபோது ஜன்னல் வழியே தலையை நீட்டி ராஜ்குமாரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, வலி எடுத்தா ராவு பகலுன்னு பாக்காத, எனுக்குப் போன் போட்ரு. ஆணா பொண்ணான்னு அப்பறம் சொல்லிக்கலாம். ரெண்டு உசுரும் நல்லா இருக்குதான்னு மொதல்ல சொல்லு."

"சரிங்க அத்த."

"அதுக்குள்ள போயி நீயும் மூக்கக் குடுத்துட்டு வா" என்றாள். வண்டி ஈச்சங்குட்டைப் பக்கம் திரும்பியது.